நகைக்கடையில் சேதாரம் பேசுவது எப்படி? எஸ்டிமேட் முதல் பில் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பம் ஒரே நாளில், ஒரே கடையில் கொடுக்கும் பெரிய தொகை பெரும்பாலும் நகைக்கடையில்தான் கொடுக்கப்படுகிறது. சந்தையில் கத்தரிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கத் தயங்காத நாம், அங்கே மட்டும் விற்பனையாளர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டும் தொகையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, “கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க” என்ற ஒரே வாக்கியத்தோடு பேரத்தை முடித்துக்கொள்கிறோம். அவரும் சில நூறு ரூபாயைக் குறைக்கிறார். நாமும் நிறைவோடு வெளியே வருகிறோம். எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் அதே நகையில் சில ஆயிரங்கள் குறைந்திருக்கும். கல்யாணத்துக்கு எடுக்கும் நகையென்றால் அந்த வேறுபாடு லட்சத்தைத் தொடவும் வாய்ப்புண்டு. உழைத்துச் சேர்த்த பணம் அப்படிக் கேள்வி கேட்பாரின்றிப் போவது எனக்கு வருத்தம் தருகிற விஷயம் என்பதால், நகைக்கடையில் விலை பேசும் முறையைத் தொடக்கம் முதல் இங்கே எழுதுகிறேன்.

எதைப் பேச முடியும், எதைப் பேச முடியாது

நகைக்கடை பில்லில் வழக்கமாக ஐந்து பகுதிகள் இருக்கும். முதலாவது தங்கத்தின் மதிப்பு, அதாவது நிகர எடையை அன்றைய கிராம் விலையால் பெருக்கி வருவது. இரண்டாவது சேதாரம்; மூன்றாவது செய்கூலி. இப்போது பல கடைகள் இவை இரண்டையும் சேர்த்து ‘வி.ஏ.’ (வேல்யூ அடிஷன், அதாவது மதிப்புக் கூட்டல்) என்ற ஒரே பெயரில் போடுகின்றன. நான்காவது, கல் பதித்த நகையாக இருந்தால் கல்லின் விலை. ஐந்தாவது 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் ஹால்மார்க் கட்டணமும்.

இவற்றில் தங்கத்தின் அன்றைய விலை பேசுவதற்குரியது அன்று. சென்னையில் நகை வணிகர் சங்கம் அறிவிக்கும் விலையைத்தான் பெரும்பாலான கடைகள் பலகையில் எழுதுகின்றன; அதுவே காலையில் செய்திகளிலும் வருகிறது. வரியும் பேசுவதற்குரியது அன்று. ஹால்மார்க் கட்டணம் ஓர் உருப்படிக்கு 45 ரூபாயும் அதற்கான வரியும்தான். அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். மீதமிருக்கும் சேதாரம், செய்கூலி, கல் விலை ஆகிய மூன்றும், பழைய நகை கொடுத்தால் அதற்குப் போடும் கழிவும்தான் கடைக்காரரின் கையில் இருப்பவை. பேரம் முழுவதும் இந்த நான்கின்மீது மட்டுமே நடக்க வேண்டும்.

இந்த நான்கும் முக்கியமாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாளைக்கு அதே நகையை விற்கவோ மாற்றவோ போனால் தங்கத்தின் எடைக்கு மட்டுமே மதிப்புக் கிடைக்கும். சேதாரமாகவும் செய்கூலியாகவும் வரியாகவும் கொடுத்த பணம் கடையை விட்டு வெளியேறும் போதே போய்விடுகிறது. ஆகவே சேதாரத்தில் குறைக்கிற ஒவ்வொரு ரூபாயும், என்றைக்கும் திரும்பி வராத பணத்தில் மிச்சப்படுத்திய ரூபாய்.

சேதாரத்தின் உண்மை நிலை

பட்டறையில் ஆசாரி தங்கத்தை உருக்கி, கம்பி இழுத்து, அராவி, மெருகேற்றும்போது சிறிதளவு தங்கம் துகளாகவும் தூளாகவும் குறையும். அந்த இழப்புக்காக வாங்கப்பட்டதுதான் சேதாரம். பட்டறைத் தூசியைக் கூட்டி எடுத்துத் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் வேலை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இயந்திரத்தில் செய்யப்படும் சங்கிலியிலும் வளையலிலும் உண்மையான இழப்பு மிகக் குறைவு. எனவே இன்று பில்லில் வரும் 12 சதவீதமோ 18 சதவீதமோ தங்கம் வீணானதன் அளவைக் காட்டுவதில்லை. அந்தத் தொகைக்குள் செய்தவரின் கூலி, கடையின் வாடகை, ஊழியர் சம்பளம், விளம்பரம், முதலாளியின் லாபம் அனைத்தும் அடங்கியிருக்கின்றன.

இதைச் சொல்வது கடைக்காரரைக் குற்றம் சாட்டுவதற்காக அன்று. வணிகம் செய்பவருக்கு லாபம் வேண்டும். ஆனால் சேதாரம் என்பது இயற்கையாக நிர்ணயிக்கப்பட்ட, மாற்ற முடியாத அளவு என்று நினைத்துக்கொண்டு போகிறவருக்கும், அது கடையின் விற்பனை வரவு என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கும் பேச்சில் பெரிய வேறுபாடு இருக்கும்.

நகையின் வகையைப் பொறுத்தும் இடைவெளி மாறும். எளிய இயந்திரச் சங்கிலி, வெற்று வளையல், நாணயம் போன்றவற்றுக்குச் சேதாரம் குறைவு. அவற்றை எல்லாக் கடைகளும் விற்பதால் ஒப்பிடுவதும் எளிது. கையால் செய்த நகாசு வேலை, சாமி உருவம் பதித்த ஆரம், நுணுக்கமான ஜிமிக்கி ஆகியவற்றுக்குச் சேதாரம் அதிகம். அவற்றில் ஆசாரியின் உழைப்புக்கு உண்மையாகவே பணம் போகிறது. அங்கே பாதியாகக் குறைக்கச் சொல்வது நியாயமும் ஆகாது, நடக்கவும் நடக்காது. இரண்டு கிராம், மூன்று கிராம் உருப்படிகளுக்குப் பல கடைகள் குறைந்தபட்சச் செய்கூலி என்று ஒரு தொகையை வைத்திருக்கும். அதனால் சிறிய கம்மலின் சதவீதம் எப்போதும் பெரிதாகத் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே தொகையாக மாற்றுங்கள்

பேரத்தில் வாடிக்கையாளர் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு கடை சதவீதத்தில் பேசும், இன்னொரு கடை கிராமுக்கு இத்தனை ரூபாய் என்று பேசும், மூன்றாவது கடை “செய்கூலியே இல்லை” என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும், நான்காவது கடை கிராமுக்கு 50 ரூபாய் தள்ளுபடி என்று அழைக்கும். இவற்றை அப்படியே ஒப்பிட முடியாது. ஒவ்வொன்றையும் இறுதித் தொகையாக்கி, அதிலிருந்து தங்கத்தின் மதிப்பைக் கழித்துப் பாருங்கள்.

கணக்கு எளிதாக இருக்க, 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பவுன், அதாவது 16 கிராம் சங்கிலி. தங்கத்தின் மதிப்பு 1,60,000 ரூபாய்.

முதல் கடை 14 சதவீதச் சேதாரம் கேட்கிறது. செய்கூலி தனியாக இல்லை. சேதாரம் 22,400 ரூபாய். கூட்டினால் 1,82,400, அதன்மேல் 3 சதவீத வரி 5,472. மொத்தம் 1,87,872 ரூபாய்.

இரண்டாவது கடை “எங்களிடம் சேதாரம் வெறும் 9 சதவீதம்தான்” என்கிறது. ஆனால் கிராமுக்கு 600 ரூபாய் செய்கூலி உண்டு. சேதாரம் 14,400, செய்கூலி 9,600. இரண்டும் சேர்ந்து 24,000 ரூபாய். தங்கத்தோடு 1,84,000, வரி 5,520. மொத்தம் 1,89,520 ரூபாய். 14ஐவிட 9 குறைவு என்று நம்பி இரண்டாவது கடைக்குப் போனவர் 1,648 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார்.

இந்தக் கணக்கிலிருந்து கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஓர் அளவு கிடைக்கிறது. நாம் எடுக்கப்போகும் எடைக்கு ஒரு சதவீதச் சேதாரம் எத்தனை ரூபாய் என்பதே அது. மேலே சொன்ன சங்கிலிக்கு வரியோடு சேர்த்து அது 1,648 ரூபாய். அப்படியானால் கிராமுக்கு 50 ரூபாய் தள்ளுபடி என்பது 16 கிராமுக்கு 800 ரூபாய், அதாவது அரைச் சதவீதச் சேதாரம். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிந்தது கணக்கில் எவ்வளவு சிறிதாகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். இந்த ஓர் அளவைத் தெரிந்துகொண்டு போனால், விற்பனையாளர் “உங்களுக்காக ஆயிரம் ரூபாய் குறைத்துவிட்டேன்” என்று சொல்லும்போது, அது முக்கால் சதவீதம்கூட இல்லை என்பது உடனே புரியும்.

விளம்பரங்களில் ‘முதல்’ என்ற சொல்லையும் ‘வரை’ என்ற சொல்லையும் தேடிப் படியுங்கள். சேதாரம் 2 சதவீதம் முதல் என்றால், அந்த 2 சதவீதம் கடையின் ஏதோ ஒரு தட்டில் உள்ள சில நகைகளுக்கு மட்டும் பொருந்தும். சேதாரத்தில் பாதி தள்ளுபடி என்றால், பாதியாக்குவதற்கு முன் அது எத்தனை என்பதுதான் கேள்வி.

கடைக்குப் போகும் முன்

முதலில் எந்த நகை, ஏறக்குறைய எத்தனை கிராம், அதிகபட்சம் எவ்வளவு பணம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். கடைக்குள் போன பிறகு முடிவு செய்தால் இரண்டு பவுன் சங்கிலி மூன்று பவுனாகிவிடும். குறைத்த சேதாரம் அதில் கரைந்துவிடும்.

அடுத்து, குறைந்தது இரண்டு கடைகளில் எஸ்டிமேட் வாங்குங்கள். இதுதான் முழு வழிகாட்டியிலும் அதிகப் பலன் தரும் வேலை. பிடித்த மாடலை எடை போடச் சொல்லி, நிகர எடை, கிராம் விலை, சேதாரம், செய்கூலி, கல், வரி ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத கடையில் நீங்களே கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லா எஸ்டிமேட்டையும் வாங்குவது நல்லது. நாள் மாறினால் தங்க விலை மாறி ஒப்பீடு குழம்பும். அப்படி மாறிவிட்டாலும் சேதாரச் சதவீதத்தை வைத்து ஒப்பிடலாம்.

கடைகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பெரிய கடையையும் ஒரு நடுத்தரக் கடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை உஸ்மான் சாலையின் பல மாடிக் கடையில் மாடல்கள் ஏராளமாக இருக்கும். ஆனால் விலை குறைக்கும் அதிகாரம் படிப்படியாகப் பிரிந்திருக்கும். மதுரை தெற்காவணி மூல வீதியிலோ கோவை பெரிய கடை வீதியிலோ முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடையில் மாடல்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் முடிவு ஒரு நிமிடத்தில் கிடைக்கும். தலைமுறையாக நகை எடுக்கும் குடும்பக் கடை இருந்தால் அங்கேயும் போங்கள். பழக்கத்தின் பேரில் நல்ல விலை கொடுக்கிறார்களா, அல்லது பழக்கத்தின் பேரில் நீங்கள் கேட்காமல் இருக்கிறீர்களா என்பது அடுத்த கடையின் எஸ்டிமேட் கையில் இருந்தால்தான் தெரியும்.

நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அட்சய திருதியை அன்று பேரம் பேசப் போகாதீர்கள். வரிசையில் நிற்கிறவருக்குக் குறைத்துக் கொடுக்க எந்தக் கடைக்கும் அவசியம் இல்லை. கல்யாணங்கள் குறைந்த ஆடியிலும் மார்கழியிலும், வார நாட்களில் காலை நேரத்திலும் விற்பனையாளருக்கும் மேலாளருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும். தாலியையும் கல்யாண நகையையும் முகூர்த்தத்துக்கு முந்தைய வாரத்தில் எடுக்கப் போனால் உங்கள் அவசரம் முகத்திலேயே தெரிந்துவிடும். ஒரு மாதமாவது முன்னதாகப் போங்கள்.

கடைக்குள் பேசும் முறை

நகை முழுவதும் பிடித்துப்போன பிறகு விலையைக் கேட்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். அதற்குப் பதிலாக, ஒரே எடை வரம்பில் இரண்டு மூன்று மாடல்களை எடுத்துவைத்து, ஒவ்வொன்றின் சேதாரத்தையும் கேளுங்கள். டேக்கிலேயே அந்த எண் இருக்கும்; சில கடைகளில் குறியீடாக இருக்கும், அப்போது விற்பனையாளரே சொல்வார். ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும் இரண்டு சங்கிலிகளில் ஒன்றுக்கு 9 சதவீதமும் மற்றொன்றுக்கு 15 சதவீதமும் இருப்பது சாதாரணம். பேரமே பேசாமல் அந்த ஆறு சதவீதத்தை மாடல் தேர்விலேயே மிச்சப்படுத்தலாம்.

எடை போடும்போது அருகில் நில்லுங்கள். தராசு பூஜ்ஜியத்தில் இருக்கிறதா, டேக்கும் நூலும் எடுக்கப்பட்டனவா என்று பாருங்கள். தோடு என்றால் திருகாணியும் அதே தங்கமா என்று கேளுங்கள்.

அதன் பிறகு பேச்சைத் தொடங்குங்கள். முதல் எண்ணை அவர் சொல்லட்டும். உரையாடல் ஏறக்குறைய இப்படி அமையலாம்:

“அண்ணே, இந்தச் சங்கிலி பிடிச்சிருக்கு. எல்லாம் சேர்த்து ஃபைனலா எவ்வளவு வரும், எழுதிக் காட்டுங்க.”

“பதினாறு கிராம் அக்கா. சேதாரம் பதினாலு பர்சென்ட். வரியோட ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து எண்ணூத்திச் சொச்சம். உங்களுக்காக ஒரு பர்சென்ட் குறைச்சுத் தரேன்.”

“பதிமூணுன்னா ஒரு லட்சத்து எண்பத்தாறு வருது. இதே மாதிரி மாடல், இதே எடைக்கு இன்னொரு கடைல பன்னெண்டு சொல்லியிருக்காங்க. எஸ்டிமேட் இருக்கு, பாருங்க. நீங்க பதினொண்ணு போட்டா இங்கேயே இப்பவே எடுத்துக்கறேன்.”

“பதினொண்ணு எனக்கு அதிகாரம் இல்லீங்க அக்கா.”

“பரவாயில்லண்ணே, நீங்க மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. நான் காத்திருக்கேன்.”

இந்தச் சிறு உரையாடலில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. பேச்சு வெறும் “குறையுங்கள்” என்று நில்லாமல் ஒரு குறிப்பிட்ட எண்ணைச் சொல்கிறது. அந்த எண்ணுக்கு எழுத்து வடிவில் ஆதாரம் இருக்கிறது. கேட்டது கிடைத்தால் உடனே வாங்குவேன் என்ற உறுதி இருக்கிறது. கடைக்காரர் விலையைக் குறைக்கத் துணிவது அந்த உறுதிக்காகத்தான். கடைசியாக, அதிகாரம் இல்லாத ஊழியரை நெருக்காமல், அதிகாரம் உள்ளவரிடம் பேச்சு நகர்கிறது. பெரிய கடைகளில் விற்பனையாளருக்கு ஒன்று அல்லது இரண்டு சதவீதத்துக்குள்தான் அனுமதி இருக்கும். அதற்கு மேல் என்றால், அந்தத் தளத்தின் மேலாளர்தான் முடிவு செய்வார். 11 கேட்டு 12இல் முடிந்தால் மொத்தம் 1,84,576 ரூபாய். தொடங்கிய இடத்திலிருந்து 3,296 ரூபாய் குறைந்திருக்கிறது.

இல்லாத எஸ்டிமேட்டை இருப்பதாகச் சொல்லாதீர்கள். நகைத் தொழிலில் இருப்பவருக்கு எந்த மாடலுக்கு எந்தக் கடை எவ்வளவு போடும் என்பது தெரியும். பொய் தெரிந்த நொடியில் உங்கள் மற்றச் சொற்களுக்கும் மதிப்புப் போய்விடும். நாள் முழுவதும் நின்றுகொண்டு தட்டு தட்டாக எடுத்துக் காட்டும் ஊழியரிடம் குரலை உயர்த்தாதீர்கள். அவர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். மேலாளரிடம் உங்களுக்காகப் பரிந்து பேசப்போகிறவரும் அவர்தான்.

இதற்கு மேல் குறையாது என்று மேலாளர் சொல்லிவிட்டால், பேச்சை இரண்டு வழிகளில் நீட்டலாம். ஒன்று, பணம் கொடுக்கும் முறை. கிரெடிட் கார்டுக்குக் கடை வங்கிக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். வங்கிப் பரிமாற்றமாகக் கொடுத்தால் என்ன குறைப்பீர்கள் என்று கேட்கலாம். மற்றொன்று, மொத்தமாக எடுப்பது. கல்யாணத்துக்குப் பத்துப் பவுன் எடுப்பதாக இருந்தால் ஆரம், வளையல், சங்கிலி என்று ஒவ்வொன்றாக விலை முடிக்காமல், எல்லாவற்றின் எஸ்டிமேட்டையும் வாங்கிவைத்துக் கடைசியில் ஒன்றாகப் பேசுங்கள். அப்போது “எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் போட்டுவிடலாம்” என்று கடை சொல்லக்கூடும். கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும், சேதாரம் குறைந்த வளையல்தான் உங்கள் எடையில் பெரும்பகுதி என்றால் அந்த ஒரே சதவீதம் உங்களுக்கு நட்டமாகலாம். ஒவ்வோர் உருப்படியின் சேதாரத்தையும் ரூபாயாக எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகு சம்மதியுங்கள்.

“சாயந்திரம் ரேட் ஏறிடும்” என்ற சொல்லுக்குப் பதறாதீர்கள். ஏறலாம், இறங்கவும் இறங்கலாம்; யாருக்கும் தெரியாது. உண்மையாகவே விலை ஏற்றம் கவலை தந்தால், முன்பணம் கொடுத்து அன்றைய விலையைப் பதிவு செய்துகொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். விலை இறங்கினால் எந்த விலை பொருந்தும், எத்தனை நாட்களுக்குள் நகை எடுக்க வேண்டும், சேதாரம் எத்தனை என்பதும் அந்த ரசீதிலேயே எழுதப்பட வேண்டும். சேதாரம் எழுதப்படாத முன்பணம் உங்கள் பேரச் சக்தியை முழுவதும் கடையிடம் ஒப்படைத்துவிடும்.

கல் பதித்த நகை

கல் நகையில் ஏமாற்றம் பெரும்பாலும் எடையில் இருக்கிறது. ஒரு நெக்லஸின் மொத்த எடை 24.500 கிராம், அதில் கற்களின் எடை 3.200 கிராம் என்றால், தங்க விலையும் சேதாரமும் 21.300 கிராமுக்கு மட்டுமே கணக்கிடப்பட வேண்டும். கழிக்காமல் விட்டால், கிராம் 10,000 ரூபாய் கணக்கில், 32,000 ரூபாயைக் கல்லுக்குத் தங்க விலையாகக் கொடுத்திருப்பீர்கள். அதன்மேல் சேதாரமும் வரியும் வேறு.

கல் விலை காரட் கணக்கில் வரும்; இந்தக் காரட் கல்லின் எடை அளவு, தங்கத்தின் தூய்மையைச் சொல்லும் காரட் வேறு. ஒரு காரட் 0.2 கிராம் என்பதால் 3.200 கிராம் கல் 16 காரட். செயற்கைக் கல்லுக்கும் நல்ல விலை போட்டிருப்பார்கள். திரும்ப மாற்றும்போது அதற்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. இந்தப் பகுதியில் கேட்டால் சேதாரத்தைவிட எளிதாகக் குறைப்பார்கள் என்பதால், சேதாரப் பேச்சு முடிந்த பிறகு கல் விலையைத் தனியாக எடுத்துப் பேசுங்கள். அரக்கு நிரப்பிய நகை, கருகமணி கோத்த நகை ஆகியவற்றிலும் இதே எச்சரிக்கை தேவை.

பழைய நகையை மாற்றும்போது

பழைய நகை கையில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் இரண்டு கணக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். புதிய நகையில் சேதாரத்தைக் குறைத்துவிட்டு, பழைய நகையில் கழிவைக் கூட்டிப் போட்டால் குறைந்தது எது, கூடியது எது என்று கண்டுபிடிப்பது கடினம். ஆகவே புதிய நகையின் விலையை முடித்து எழுதி வாங்கிய பிறகு பழையதை எடுத்து வையுங்கள். அதற்கு முன் வீட்டில் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

கழிவைக் கண்மதிப்பாகச் சொல்ல விடாதீர்கள். ஹால்மார்க் இல்லாத 24 கிராம் பழைய சங்கிலிக்கு “பத்து சதவீதம் கழிவு” என்று சொன்னால் கணக்கில் வருவது 21.6 கிராம். அதையே பரிசோதித்துப் பார்த்துத் தூய்மை 88 சதவீதம் என்று வந்தால், 22 காரட்டின் 91.6 சதவீதத்தோடு ஒப்பிட்டு ஏறக்குறைய 23.06 கிராம் வர வேண்டும். வேறுபாடு ஒன்றரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவு; மேலே எடுத்துக்கொண்ட விலையில் 14,500 ரூபாய்க்கு மேல். புதிய நகையில் அரைமணி நேரம் பேசிக் குறைத்ததைவிட இது பல மடங்கு.

எனவே தூய்மையை அளக்கும் இயந்திரத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த இயந்திரம் மேற்பரப்பைத்தான் படிக்கிறது என்பதால், உருக்கிப் பார்க்க வேண்டும் என்று சில கடைகள் சொல்லும், அதுவும் நியாயமானதே. ஆனால் உருக்கிய பிறகு உங்கள் கையில் நகை இருக்காது, வேறு கடைக்கு எடுத்துச் செல்வதும் சிரமம். உருக்குவதற்கு முன்பே எடை, பொருந்தும் கிராம் விலை, உருக்கும்போது குறையும் எடையை யார் ஏற்பது, ஒத்துவராவிட்டால் கட்டியைத் திருப்பித் தருவார்களா என்பவற்றை எழுதி வாங்குங்கள். வேறு கடைகளின் மதிப்பீட்டையும் அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பழைய நகைக்கான தொகையைக் கழித்துக்கொண்டாலும், வரி புதிய நகையின் முழு மதிப்புக்கும் விதிக்கப்படும். அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நகைச் சீட்டு கட்டியிருந்தால்

11 மாதம் பணம் கட்டி, சேதாரமின்றி நகை எடுக்கும் திட்டங்களில் பேரம் பேச வேண்டிய நேரம் சேர்வதற்கு முன்னால்தான். முதல் தவணை கட்டிய பிறகு விதிகள் மாறாது. சேதாரத் தள்ளுபடி எத்தனை சதவீதம் வரை, எந்த வகை நகைகளுக்குப் பொருந்தாது, கட்டும் பணம் அன்றன்றைய விலையில் கிராமாக வரவு வைக்கப்படுமா அல்லது பணமாகவே இருக்குமா, இடையில் நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்பவற்றைப் படித்துப் பார்த்துச் சேருங்கள். தள்ளுபடி 18 சதவீதம் வரை என்றால், 22 சதவீத நகைக்கு மீதி 4 சதவீதம் நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். சீட்டுத் தொகையைவிடக் கூடுதல் எடையில் நகை எடுத்தால், கூடுதல் கிராமுக்குச் சேதாரம் உண்டு; அந்தக் கூடுதல் பகுதிக்குத் தாராளமாகப் பேரம் பேசலாம், பேச வேண்டும். கட்டிய பணம் கடையின் கையில் பல மாதங்கள் இருக்கிறது என்பதையும், அந்தக் கடை மூடப்பட்டால் திரும்பப் பெறுவது கடினம் என்பதையும் மனத்தில் வைத்து அளவோடு கட்டுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்

பேசி முடித்த விலையும் பில்லில் வரும் விலையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள். பேசிய சேதாரம் 12 என்றால் பில்லில் 12 சதவீதமாக அல்லது அதற்குச் சமமான கிராமாக இருக்க வேண்டும். 16 கிராமுக்கு அது 1.920 கிராம்.

அடுத்தது ஹால்மார்க். 2021 ஜூன் முதல் அறிவிக்கப்பட்ட மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயம். 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யூ.ஐ.டி. குறியீடு (ஒவ்வோர் உருப்படிக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்) உள்ள நகையைத்தான் ஹால்மார்க் நகையாக விற்க வேண்டும். நகையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 22 காரட்டுக்கு 22கே916 என்ற தூய்மைக் குறி, ஹெச்.யூ.ஐ.டி. ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்கள். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்தக் குறியீட்டைப் பதிவிட்டால் நகையின் வகையும் தூய்மையும் தெரியும்; உங்கள் கையில் இருப்பது சங்கிலி, செயலி காட்டுவது மோதிரம் என்றால் வாங்காதீர்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த உருப்படிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ‘கே.டி.எம்.’ என்று யாராவது தரத்துக்குச் சான்றாகச் சொன்னால் அதை ஏற்க வேண்டாம். அது காட்மியம் கலந்த பற்றவைப்பைக் குறித்த பழைய வழக்குச் சொல், தூய்மைக்கான சான்றாகாது.

“பில் வேண்டாமென்றால் வரி மிச்சம்” என்ற வாய்ப்பு சில இடங்களில் வரும். மூன்று சதவீதம் குறைவது போலத் தோன்றும் அந்தப் பேரத்தை மறுத்துவிடுங்கள். பில் இல்லாவிட்டால் எடைக்கும் தூய்மைக்கும் கல்லுக்கும் எந்தச் சாட்சியும் இல்லை. அதே கடை அடுத்த ஆண்டு உங்கள் நகையை அடையாளம் தெரியாததாகச் சொன்னாலும் நீங்கள் பேச முடியாது. ரொக்கமாகக் கொடுப்பதிலும் வரம்பு உண்டு: ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பெரிய தொகைக்குப் பான் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பில்லில் நகையின் பெயர், நிகர எடை, காரட்டும் தூய்மையும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். கல் இருந்தால் அதன் எடையும் விலையும் வேறாக இருக்க வேண்டும். திரும்ப மாற்றும்போது அந்தக் கடை எத்தனை சதவீதம் கழிக்கும் என்பதைக் கேட்டு, முடிந்தால் பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள். பில்லை அன்றே கைபேசியில் படமெடுத்து வையுங்கள். அந்த மை சில ஆண்டுகளில் மங்கிவிடும்.

வாங்கிய நகையின் தூய்மையில் பிறகு ஐயம் வந்தால், பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டு மையத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். முத்திரையில் குறித்ததைவிடத் தூய்மை குறைவு என்று உறுதியானால், அந்த எடைக்குக் குறைந்த தூய்மையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் பரிசோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும் என்று பி.ஐ.எஸ். விதிகள் 2018 சொல்கின்றன. புகாரைப் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியிலேயே பதிவு செய்யலாம். பில்லில் வேறு குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம். இரண்டுக்கும் அந்தப் பில்தான் கேட்கப்படும்.